ஈயக்குட்டைக்குத் துருவே காவல்

ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஈயக்குட்டைகள் புதியவை அல்ல. இன்று 'தி மைன்ஸ்' பேரங்காடியை ஒட்டிப் படகு ஓடும் ஏரிகூட ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளம்தான். பழைய ஈயக்குட்டைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அங்கே பிடித்த மீனைச் சாப்பிடலாமா? அந்த மண்ணில் விளைந்த கீரையை வாங்கலாமா?"

இதற்குப் பதில் துருவில் இருக்கிறது.

பூமிக்கடியில் ஈயத் தாதுவோடு ஆர்சனிக் கலந்த கனிமங்களும் சேர்ந்து கிடப்பதுண்டு. ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு, மிஞ்சிய மணலோடு அவை வெளியே கொட்டப்பட்டன. காற்றும் மழையும் பட்டு ஆர்சனிக் கரைகிறது. தண்ணீரில் கரைந்த இந்த விஷத்துக்கு நிறமில்லை, ருசியில்லை, வாடையில்லை.

நல்ல வேளையாக, நம் செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தரும் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு, அந்த விஷத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எப்படி? புதிதாக உருவான துருவின் துகள்கள் மிக மிக நுண்ணியவை. ஒரு கிராம் துகள்களின் மேற்பரப்பை விரித்தால் 200 சதுர மீட்டருக்கு மேல் வரும். இரண்டு பூப்பந்து ஆட்டக்களங்களைவிட அதிகம்! அமிலத்தன்மை சற்றே உள்ள நீரில் இந்தப் பரப்பு நேர்மின்னேற்றம் பெறுகிறது. ஆர்சனிக்கோ எதிர்மின்னேற்றத்தோடு வருகிறது. இரண்டும் ஈர்க்கப்பட்டு, ஆர்சனிக் இரும்போடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. பஞ்சு நீரை உறிஞ்சுவது போல அல்ல. பரப்பில் மட்டும் பற்றிக்கொள்வது. இதைப் பரப்புக் கவர்ச்சி என்பார்கள். காரீயம், செம்பு போன்ற உலோகங்களும் இப்படிச் சிக்கும். ஆனால் அவற்றுக்கு அமிலம் குறைந்த நீர் வேண்டும்.

காவல்காரன் தூங்குவதும் உண்டு. குட்டையின் அடிச்சேற்றில் பிராணவாயு தீர்ந்துவிட்டால், அங்குள்ள நுண்ணுயிர்கள் துருவையே கரைத்துவிடும். பிடித்து வைத்திருந்த விஷம் மீண்டும் நீருக்கு வந்துவிடும். வங்காளதேசத்தில் நடந்தது இதுதான். கிருமியில்லாத நீருக்காக 1970களிலிருந்து அங்கே லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. நிலத்தடியில் துரு கரைந்து ஆர்சனிக் வெளிப்பட்டிருந்தது. கோடிக்கணக்கானோர் அதைத்தான் குடித்தார்கள்.

உரத்திலுள்ள பாஸ்பேட்டும் ஆர்சனிக்கின் இடத்துக்குப் போட்டி போடும். ஆகவே பழைய ஈய நிலத்தில் நீர் தேங்கும் பாத்தி அமைத்து, உரத்தை அள்ளிப் போட்டுக் கங்கோங் கீரை வளர்ப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

விஷத்தைப் பிடிக்கும் இதே குணம் மருந்தாகவும் பயன்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் உருவாக்கிய 'அம்ரித்' வடிகட்டி, நுண்ணிய இரும்புச் சேர்மத் துகள்களால்தான் ஆர்சனிக்கை நீக்குகிறது.

சரி, மீனுக்கும் கீரைக்கும் என்ன பதில்? குட்டைக்குக் குட்டை நிலைமை மாறும். தெளிந்த நீரைப் பார்த்து நம்பவும் கூடாது, எல்லாக் குட்டையும் விஷம் என்று பயப்படவும் கூடாது. ஆய்வுக்கூடச் சோதனைதான் உண்மையைச் சொல்லும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். கிருமிதான் சாகும், ஆர்சனிக் அப்படியே இருக்கும்.