அக்னி வசந்த விழாவில் பாரதக் கூத்து

வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடைக் காலத்தை ஒட்டி நடைபெறும் மகாபாரதத் திருவிழாவே அக்னி வசந்த விழா. வேலூர், ஆம்பூர், குடியாத்தம், ஆற்காடு வட்டாரச் சிற்றூர்களில் இன்றும் இதைக் காணலாம். இவை அனைத்தும் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. விழாவின் இரவு நேர நிகழ்ச்சியான பாரதக் கூத்து, பாட்டும் ஆட்டமும் வசனமும் கலந்த முழு இசை நாடகம். இதை ஆடுவது கூத்துக் குழு. ஆனால் இதை நடத்துவது ஊர்.

ஏற்பாடு

விழாவுக்கு ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். வீட்டுக்கு வீடு வரி வசூலிக்கப்படும். கூத்துக் குழுவுக்கு 'ஜமா' என்று பெயர். அதன் தலைவர் வாத்தியார். வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுத்து ஜமாவை ஒப்பந்தம் செய்வது வழக்கம். விழா நாட்களில் பிற்பகலில் பாரதச் சொற்பொழிவு நடக்கும். இதற்கு வில்லிபாரதம் முதன்மையான நூல். பகலில் கேட்ட கதையை இரவில் கூத்தாகப் பார்ப்பார்கள். திரௌபதி கல்யாணம், துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை வரிசையாக வளரும்.

இசையும் வேடமும்

மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் ஆகியவை பக்க இசை. நடிகர் ஓரடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை ஏற்றுப் பாடுவார்கள். கட்டியங்காரன் முதலில் வந்து கதையை அறிமுகம் செய்வான். இடையிடையே வேடிக்கை பேசி, உறங்குபவர்களையும் எழுப்பிவிடுவான். அரச வேடங்கள் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னிருந்து பாடியபடியே வெளிப்படும். கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் ஆகியவை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்தவை. இவற்றுக்குக் 'கட்டை' என்று பெயர். இதனால்தான் தெருக்கூத்து என்ற பெயரைவிடக் கட்டைக்கூத்து என்ற பெயரே பொருத்தமானது என்று கலைஞர்களில் ஒரு சாரார் கூறுகின்றனர். பெண் வேடங்களையும் மரபாக ஆண்களே ஏற்பர்.

ஊரே மேடையாதல்

சில கட்டங்களில் பார்வையாளர்களும் நாடகத்தின் பகுதியாகிவிடுவார்கள். அர்ச்சுனன் தபசில், நட்டு வைத்த உயரமான மரத்தில் நடிகர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையுடன் கீழே காத்திருப்பார்கள். அவர் மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்தையும் திருநீற்றையும் பிரசாதமாக மடியில் ஏந்துவார்கள்.

துகில் கூத்தில் துச்சாதனன் வேடக்காரர் திரௌபதி வேடத்தைத் தொடுமுன் நடிப்பை நிறுத்திக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பதுண்டு. அந்த நேரத்தில் எதிரில் நிற்பவர் சக நடிகர் மட்டுமல்லர், அம்மனும்கூட என்பது நம்பிக்கை.

கடைசி நாள் காலையில் படுகளம். திறந்த வெளியில் துரியோதனன் மல்லாந்து கிடப்பதுபோல் மண்ணால் பேருருவம் அமைத்து வண்ணம் தீட்டுவார்கள். இரவு முழுவதும் ஆடிய வீமனும் துரியோதனனும் வேடத்துடனே அங்கு வந்து அந்த உருவத்தைச் சுற்றிப் போரிடுவார்கள். வீமன் மண்ணுருவின் தொடையில் அடித்ததும் திரௌபதி சபதம் நிறைவேறிக் கூந்தலை முடிவாள். மாலையில், காப்புக் கட்டிய ஊரார் தீமிதிப்பார்கள்.

கலைஞர்கள்

கூத்துப் பருவம் முடிந்ததும் கலைஞர்கள் பலர் விவசாயத்துக்கோ கூலி வேலைக்கோ திரும்புகின்றனர். இரவில் கர்ணனாக நின்று ஊரை அழவைத்தவரையே பகலில் 'கூத்தாடி' என்று இழிவாகப் பேசும் வழக்கமும் இருந்தது. இந்நிலையை மாற்றும் முயற்சிகளில் ஒன்று, 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அது நடத்திய குருகுலத்தில் பள்ளிப் படிப்புடன் கூத்தும் கற்பிக்கப்பட்டது. பெண் பிள்ளைகளும் அங்கே ஆடக் கற்றனர்.

இன்றைய நிலை

ஆம்பூர் வட்டாரத்தில் ஆண்களும் பெண்களுமாகப் பலர் தோல், காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்களால் விடிய விடியக் கூத்துப் பார்க்க முடிவதில்லை. எனவே கூத்து இரவுகளைக் குறைக்கலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் பாரதக் கூத்து தனித்தனி நாடகங்களின் தொகுப்பு அன்று. துகில் இரவில் அவிழ்ந்த கூந்தல்தான் படுகளத்தில் முடியப்படுகிறது. முன்னதைப் பார்க்காத குழந்தைக்குப் பின்னது வெறும் மண் பொம்மையும் ஒரு கூட்டமும்தான். எல்லா இரவும் விழித்திருக்க முடியாத மாணவர்கள், துகில் இரவையும் படுகளக் காலையையுமாவது தவறவிடாமல் பார்ப்பது நல்லது.