கனவு வீடு சரி... கீழ்த்தளத்தைப் பார்த்தீர்களா?

"டாக்டர், கனடாவுல பையன் வீடு வாங்கிட்டான்! நாலு பெட்ரூம், பின்னால தோட்டம்..." என்று ஆசை ஆசையாகப் படம் காட்டிவிட்டு விமானம் ஏறினார் அந்த அம்மா. ஆறு மாதம் டொரன்டோ பக்கத்தில் மகன் வீட்டில் இருந்துவிட்டு, திரும்பி வந்த மறுநாளே என் முன்னால் உட்கார்ந்திருந்தார். ராத்திரியானால் இருமல், மூச்சுவாங்கல். இங்கே இருந்தவரை ஆஸ்துமா என்ற பேச்சே கிடையாது.

நாடி பார்த்தேன். நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னேன். கோளாறு எதுவும் இல்லை. பிறகுதான் கேட்டேன்: "அங்கே எந்த ரூம்ல படுத்தீங்கம்மா?"

"கீழே பேஸ்மென்ட்லதான். எனக்குன்னே தனி ரூம் போட்டுக் கொடுத்தான். என்ன... நனைஞ்ச சாக்கு மாதிரி ஒரு வாடை!"

புரிந்துவிட்டது. பூஞ்சணம்!

சித்த மருத்துவத்தில் நோயாளியின் உடம்பை மட்டும் பார்ப்பதில்லை. அவர் வாழும் நிலத்தையும் பார்ப்போம். குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நிலத்துக்கு நிலம் நோய் மாறும் என்று படித்தவர்கள் நாங்கள். நிலம் மாறினால் வீடும் மாறுகிறது. கனடா வீடுகளில் பல, பாதி பூமிக்குள் இறங்கிய கீழ்த்தளம் கொண்டவை. மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியே கசியும். குளிர்ந்த சொம்பின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்குமே, அதுபோல வீட்டுக் காற்றின் ஈரமும் குளிர்ந்த சுவரில் படியும். அங்கே பூஞ்சணம் குடியேறிவிடும்.

இதில் நம் சமையலுக்கும் பங்கு உண்டு. இட்லி ஆவி, குக்கர் ஆவி, கொதிக்கும் சாம்பார்... குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாதே! அடுப்புக்கு மேலுள்ள விசிறி, புகையை வெளியே தள்ளுகிறதா அல்லது வீட்டுக்குள்ளேயே சுற்றவிடுகிறதா என்று பாருங்கள். சில வீடுகளில் இரண்டாவது வகைதான் இருக்கும். வீட்டின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அதை அளக்கும் சின்ன மீட்டர் கடையிலேயே கிடைக்கிறது.

வாடையாவது மூக்குக்குத் தெரியும். மணமும் நிறமும் இல்லாத இன்னொரு எதிரி உண்டு. பெயர் ரேடான். மண்ணிலுள்ள யுரேனியம் சிதையும்போது உண்டாகும் இந்த வாயு, தரை விரிசல் வழியே வீட்டுக்குள் நுழையும். இது உடனே இருமலோ காய்ச்சலோ தராது. ஆனால், புகை பிடிக்காதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வர முக்கியக் காரணம் இதுதான். கனமீட்டருக்கு 200 பெக்கரலுக்கு மேல் இருந்தால் சரிசெய்ய வேண்டும் என்கிறது கனடா சுகாதாரத் துறை. பக்கத்து வீட்டில் இல்லையே என்று சும்மா இருக்க முடியாது; வீட்டுக்கு வீடு அளவு மாறும். உள்ளங்கை அளவுக் கருவியை, குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் வைத்து அளக்க வேண்டும். அளவு கூடுதலா? பயப்பட வேண்டாம். தரைக்கு அடியிலிருந்து குழாயும் விசிறியும் வைத்து வாயுவை வெளியேற்றிவிடலாம்.

"வாங்கறதுக்கு முன்னாடி வீட்டை யாரும் சோதிக்கலையா?" என்று மகனிடம் போனில் கேட்டேன். "போட்டி அதிகம் டாக்டர். சோதனை வேண்டாம்னு எழுதிக் கொடுத்தாதான் வீடு கிடைக்கும்னாங்க" என்றார். பலர் செய்யும் தவறு இது! சொந்த ஊரில் கல்யாணத்துக்குப் பத்துப் பேரிடம் விசாரிக்கும் நாம், இருபத்தைந்து வருடக் கடனுக்கு அரைமணி நேரத்தில் தலையாட்டலாமா?

இன்னொரு விஷயம். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாத வெளிநாட்டவர் வீடு வாங்க, 2023 ஜனவரி 1 முதல் கனடா தடை போட்டது. பிறகு அதை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்தது. விலக்குகள் சில உண்டு. இங்கே நகையை விற்றுப் பணம் அனுப்பும் முன், அங்குள்ள வக்கீலைக் கேட்டுவிடுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஆடாதோடை மணப்பாகு கொடுத்தேன். இரண்டு வாரத்தில் இருமல் அடங்கியது. மருந்து என்னுடையதுதான். ஆனால் பாதிப் பெருமை, அந்த ஈரச் சுவரைவிட்டு அவர் விலகி வந்ததற்குத்தான்! மகனும் நனைந்த பலகைகளைப் பெயர்த்தெடுத்து, கசிவை அடைத்துவிட்டார். அம்மாவுக்கு இனி மேல்மாடியில், பேத்தியின் அறையில் கட்டில்.

வீடு பார்க்கப் போகிறீர்களா? சமையலறை கிரானைட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன், கீழே இறங்கி ஒருமுறை மூச்சை நன்றாக இழுத்துப் பாருங்கள்!