ஸ்கோர் மோட்டாரின் பல்வலி

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கணினி பழகியவர்களுக்கு 'ஸ்பேஸ் கேடட்' மறந்திருக்காது. பின்பால் என்றால் நம்மில் பலருக்கு அந்தத் திரை விளையாட்டுதான். நிஜ இயந்திரம் வேறு ஜாதி. சரிவான பலகை, மேலே கண்ணாடி, நடுவே 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு. அடியில் இருக்கும் மரப்பெட்டியைத் திறந்தால், கம்பிக் காட்டுக்குள் ரிலேக்களும் காயில்களும் வரிசைகட்டி நிற்கும்.

இதன் தாயகம் சிகாகோ. குண்டைத் தட்டிவிடும் 'ஃப்ளிப்பர்' 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில் வந்தது. அதற்கு முன்பே, 1942-இல், நியூயார்க் மேயர் லா கார்டியா பின்பாலைச் சூதாட்டம் என்று தடைசெய்து இயந்திரங்களைச் சுத்தியலால் உடைக்க வைத்தார். 1976-இல் பின்பால் ஆட்டக்காரர் ரோஜர் ஷார்ப் நகரசபையினர் முன் விளையாடிக் காட்டி, இது அதிர்ஷ்டம் அல்ல, திறமைதான் என்று நிரூபித்த பிறகே தடை நீங்கியது. அன்று அவர் ஆடிய காட்லீப் இயந்திரத்தில் கணினிச் சில்லு கிடையாது. அப்படியானால் புள்ளிகளை எண்ணியது யார்?

ஒரு சிறு மின்மோட்டாரும் அதோடு ஒட்டிய கியர்பாக்ஸும்தான். 'ஸ்கோர் மோட்டார்' என்று பெயர். வேகமாகச் சுழலும் மோட்டாரைப் பல்சக்கரங்கள் நிதானப்படுத்தி, ஒரு தண்டைத் திருப்புகின்றன. அந்தத் தண்டில் மேடுபள்ளமான வட்டுகள், அதாவது கேம்கள், அடுக்கப்பட்டிருக்கும். மேடு வரும்போது பக்கத்திலுள்ள தகட்டு சுவிட்ச் மூடும். பள்ளம் வந்தால் திறக்கும்.

குண்டு 50 புள்ளி இலக்கில் மோதியது என்று வையுங்கள். மோதல் நடப்பது கண்ணிமைக்கும் நேரம். ஆனால் ஒரு ரிலே அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மோட்டார் ஓடத் தொடங்குகிறது. காட்லீப் இயந்திரங்களில் தண்டு மூன்றில் ஒரு சுற்று திரும்பும். அதற்குள் ஐந்து மின்துடிப்புகள். துடிப்புக்குப் பத்துப் புள்ளி வீதம் எண் உருளை ஐந்து முறை நகர, மணியும் ஐந்து முறை அடிக்கும். பிறகு ரிலே விடுபட்டு மோட்டார் நிற்கும். மின்சுற்று வரைபடம் தெரியாதவர்கூட இதைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். பழைய இயந்திரங்களை விடாமல் வைத்திருப்பவர்களுக்கு இதில் இருக்கும் மயக்கம் நியாயமானதே.

சிக்கல், தண்டு பாதியில் நின்றால். ரிலே விடுபடாது, அது இயக்கும் காயிலில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். நொடிப்பொழுது வேலைக்காகச் சுற்றப்பட்ட காயில் அது. சூடேறி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழல் இளகி, அதனுள் அசையும் இரும்புத் தண்டைக் கவ்விக்கொள்ளும். ஃபியூஸ் காப்பாற்றும் என்று நம்பவும் முடியாது. பாய்வது வழக்கமான அளவு மின்சாரம்தானே, நேரம்தான் அதிகம்.

நிறுத்தியது யார் என்று பார்த்தால், பல சமயம் முதல் குற்றவாளி பல் அல்ல, கிரீஸ். கிரீஸ் என்பது எண்ணெயைத் தனக்குள் தேக்கி வைத்திருக்கும் சோப்பு இழைகளின் வலை. பல ஆண்டுகளில் எண்ணெய் கசிந்து வெளியேறும். எஞ்சியது ஆக்சிஜனோடு வினைபுரிந்து பிசினாகும். கியர்பாக்ஸைத் திறந்தால் ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி பழுப்பாக, நகத்தால் சுரண்ட வேண்டிய பதத்தில் இருக்கும். உலோகத் துகள் கலந்திருந்தால் அது மசகு அல்ல, அரம்.

இரண்டாவது குற்றவாளி ஓட்டை. இரு பல்சக்கரங்கள் சுழலும்போது பற்கள் உருளுவதோடு சறுக்கவும் செய்கின்றன. அந்தச் சறுக்கல்தான் தேய்மானம். ஆனால் தண்டு அமர்ந்திருக்கும் துளையும் தேய்ந்து நீள்வட்டமாகிறது. சக்கரங்கள் விலகுகின்றன. முழுமையாகப் பொருந்த வேண்டிய பற்கள் நுனியில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. தேய்மானம் இன்னும் வேகமெடுக்கிறது. புதுச் சக்கரம் மட்டும் வாங்கிப் போட்டால் அதுவும் சீக்கிரமே போகும். தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, 'ப்ளே' என்னும் ஆட்டம் இருந்தால் துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புதிய புஷ், அதாவது தண்டைத் தாங்கும் உலோக வளையம், இறக்குவதுதான் சரியான வைத்தியம். எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ் இதற்கு ஏற்றது. கடிகாரம் பழுது பார்ப்பவர்களுக்கு இது பழகிய வேலை.

வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவிட்ச் அடுக்கைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தகடு வளைந்தாலும் எண்ணிக்கை குழம்பும். சக்கரங்களைக் கரைப்பானில் கழுவி, பல் பல்லாக வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மோட்டார் ஒரே திசையில் சுற்றுவதால் ஒவ்வொரு பல்லின் ஒரு முகம்தான் பளபளக்கும். மறுமுகம் புதிதாகவே இருக்கும். சக்கரத்தின் அமைப்பு இடம்கொடுத்தால் அதைத் திருப்பி மாட்டி அந்த முகத்தை வேலைக்கு வைக்கலாம். புது கிரீஸ் பற்களுக்கு மட்டும், அதுவும் மெல்லிய பூச்சாக. ஸ்பிரே எண்ணெயை அள்ளித் தெளிப்பவர்கள் சுவிட்ச் முனைகளையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

சில்லுகள் வந்த பிறகும் பல்சக்கரங்கள் ஓய்வெடுக்கவில்லை. 1991-இல் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டெர்மினேட்டர் 2'வில் குண்டு ஒரு துப்பாக்கிக்குள் ஏறும். மோட்டார் அந்தத் துப்பாக்கியைப் பலகையின் குறுக்கே திருப்ப, ஆடுபவர் விசையை இழுத்து இலக்கைச் சுட வேண்டும். ஸ்டீவ் ரிட்சி வடிவமைத்த இயந்திரம் இது. இத்தகைய அமைப்பில் கியர் தேய்ந்து ஒரு பாகை ஆட்டம் வந்தால், அரை மீட்டர் தூரத்தில் குறி சுமார் 9 மில்லிமீட்டர் தள்ளிப்போகும், அதாவது குண்டின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆடுபவர் தன் கையைத்தான் நொந்துகொள்வார்.

வில்லியம்ஸ் 1999-இல் பின்பால் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இனி மாற்றுப் பாகம்தான் கதி. அங்கே ஒரு சபலம் வரும்: எல்லாச் சக்கரத்தையும் கெட்டியான எஃகில் போட்டுவிட்டால் என்ன? போடலாம், தேயாது. ஆனால் எங்காவது குண்டு சிக்கி இயக்கம் தடைபட்டால், விட்டுக்கொடுக்க மென்மையான பல் ஒன்றுகூட இருக்காது. சுமை முழுவதும் மோட்டாரின் தலையில் விழும். ஒரு சக்கரத்தையாவது மலிவானதாக, எளிதில் கழற்றக்கூடியதாக விட்டுவைப்பது கஞ்சத்தனம் ஆகாது. மோட்டாரை மாற்றுவதைவிட அதை மாற்றுவது எப்படியும் சுலபம்.