வைக்கோலைச் சத்துள்ள தீவனமாக்கும் யூரியா முறை

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி மானாவாரி நிலமாகும். சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் பட்டாசு வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கும் கறவை மாடு ஒரு துணை வருவாய். கோடையில் பசும்புல் அரிதாகும்போது மாடுகள் வைக்கோலையே நம்ப வேண்டியுள்ளது. ஆயினும் வயிறு நிறைந்தும் உடல் தேறுவதில்லை.

காரணம் யாது? வைக்கோலின் உயிரணுச் சுவர்களில் செல்லுலோஸ் நிறைந்துள்ளது. அதனை மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் செரிக்க வல்லவை. ஆனால் லிக்னின் என்னும் கடினப் பொருள் அதனைப் பிணைத்து மறைக்கிறது. இப்பிணைப்பைத் தளர்த்தும் இரசாயனங்களை அறிஞர் பலவாறு சோதித்தனர். ஜெர்மானிய அறிஞர் பெக்மான் 1921-இல் காஸ்டிக் சோடா முறையை வெளியிட்டார். அதற்குக் கழுவும் நீர் மிகுதியாக வேண்டும். நம் ஊர்களுக்கு அது ஒவ்வாது. யூரியாவோ ஈர வைக்கோலில் அம்மோனியாவாக மாறிப் பிணைப்பைத் தளர்த்துகிறது, தழைச்சத்தையும் சேர்க்கிறது.

100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் நீரில் கரைத்துக்கொள்க. வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, கரைசலைச் சீராகத் தெளித்து, மிதித்து அமுக்குக. பாலிதீன் விரிப்பால் காற்றுப் புகாது மூடி 21 நாள் வைத்திடுக. பின்னர் அன்றன்று வேண்டியதை எடுத்து, நெடி நீங்க ஆற்றி, சிறிது சிறிதாகப் பழக்குக.

யூரியாக் கரைசலை மாடு குடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் அளவு மிகலாகாது. கரைத்த பாத்திரத்தை உடனே கழுவுதல் வேண்டும். 6 மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்கு இத்தீவனம் ஆகாது.

ஊராட்சி உறுப்பினர்கள் கால்நடை மருத்துவரை அழைத்து, கோடைக்கு முன்பே ஊர்தோறும் ஒரு செயல்விளக்கம் நடத்துவார்களாக.