கழுவெளிக்கு எல்லை போடும்போது குடிசை கண்ணில் படுகிறது

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நீளவால் இலைக்கோழி என்றொரு பறவை உண்டு. மிதக்கும் இலைகளின் மேலேயே முட்டையிடும். அடைகாப்பது ஆண். மழைநீர் மெல்ல ஏறினால் கூடும் சேர்ந்து ஏறும். கட்டிட இடிபாட்டைக் கொட்டி நீரை மறித்துவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. குளிர்காலத்தில் வரும் பூநாரையைப் படமெடுக்கக் கூட்டம் கூடுகிறது. இங்கேயே பிறந்து இங்கேயே குஞ்சு பொரிக்கும் இலைக்கோழியையும் தாழைக்கோழியையும் திரும்பிப் பார்ப்பவர் குறைவு.

ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்த கழுவெளி இது. அரசுக் கணக்கில் வெறும் தரிசு என்று கிடந்ததால்தான் பெருங்குடியில் மாநகரக் குப்பையைக் கொட்ட முடிந்தது. நடுவே சாலை போட முடிந்தது. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர்.

அந்த எல்லையையொட்டிப் பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுடன் தனியார் அடுக்குமாடி எழும்ப அனுமதி கிடைத்தது. அது ராம்சார் எல்லைக்குள்ளேயே வருகிறது என்றார்கள் எதிர்த்தவர்கள்; பட்டா நிலம் என்றது எதிர்த்தரப்பு. 2025 அக்டோபர் இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு முந்தைய மாதமே, சதுப்பைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குப் புதிய கட்டுமான அனுமதி தரக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருந்தது.

இந்த எதிர்ப்பு நியாயமானது. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து தங்கித்தான் ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்குப் போகிறது. தங்க இடமில்லாவிட்டால் அந்த நீர் எங்கே ஏறும்? 2015-இலும் 2023 டிசம்பரிலும் பார்த்தோம்.

ஆனால் இந்தப் பேச்சில் ஒரு பெயர் மட்டும் அடிபடுவதில்லை. அதே பெரும்பாக்கத்தில் அரசே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து 'ஆக்கிரமிப்பாளர்' என்று அப்புறப்படுத்தப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள், பெரும்பாலோர் தலித்துகள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி ஆற்றங்கரையிலிருந்து தூக்கி, வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்தில் இறக்கினார்கள். செம்மஞ்சேரிக் குடியிருப்பு 2015-இல் மூழ்கியது. அந்த இடத்தை அவர்களா தேர்ந்தெடுத்தார்கள்? வேலை ஒரு பக்கம், பிள்ளைகளின் பள்ளி இன்னொரு பக்கம் என்று பேருந்துக்கு நிற்பவர்களைச் சதுப்பை அழித்தவர்கள் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

அந்த ஒரு கிலோமீட்டருக்குள் அரை சென்ட், ஒரு சென்ட்டில் ஓட்டு வீடு வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். மாடி எடுக்க வரைபட அனுமதி கேட்டால் கிடையாது. பெரிய நிறுவனம் வழக்கறிஞரோடு நீதிமன்றம் போகும். கூலிக்காரர் எங்கே போவார்? நாளைக்கு அறிவியல்படி எல்லை குறிக்கும்போது கோடு எந்தச் சர்வே எண்ணில் தொடங்குகிறது என்பது அவருக்கு உயிர்ப் பிரச்சினை. 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பத்தாண்டு சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கின்றன. அதை முதலில் எந்தக் கதவில் ஒட்டப் போகிறார்கள் என்பதுதான் கவலை.

எனவே எல்லை வரைபடத்தைச் சர்வே எண்களோடு, தமிழில், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். கிராமசபையில் தீர்மானமாகவே கேட்கலாம். கல்லூரி மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு கேள்வி போடலாம்: எந்தெந்தச் சர்வே எண்கள் எல்லைக்குள் வருகின்றன? அவற்றில் யார் யாருக்கு, எந்தத் தேதியில் கட்டிட அனுமதி தரப்பட்டது? மனுவுக்குப் பத்து ரூபாய்தான். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.