வெண்கலக் கண்ணாடியின் மறுபக்கம்

சிங்கப்பூரில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில், பழங்காலக் கப்பல் ஒன்றின் சரக்குகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலடியில் கிடந்த அந்தச் சரக்குகளுள் வட்டமான வெண்கலத் தகடுகளும் இருந்தன. தகட்டின் நடுவில் ஒரு சிறு குமிழ். அதைச் சுற்றிலும் நுண்ணிய வேலைப்பாடுகள். 'கண்ணாடி' என்னும் குறிப்பைப் படிப்பவர் சற்றுத் திகைப்பார். முகம் தெரியும் பகுதி எங்கே? அது மறுபக்கத்தில் இருக்கிறது. அரும்பொருளகங்கள் பெரும்பாலும் இத்தகைய கண்ணாடிகளின் பின்புறத்தையே நமக்குக் காட்டுகின்றன. ஏனெனில், அவற்றின் கதை அங்குதான் பொறிக்கப்பட்டுள்ளது.

பெயர்தான் கண்ணாடி, பழங்காலச் சீனக் கண்ணாடிகள் உலோகத்தால் செய்யப்பட்டவை. செம்புடன் வெள்ளீயத்தையும் சிறிதளவு காரீயத்தையும் கலந்து அவற்றை வார்த்தனர். ஹான், தாங் அரசமரபுகளின் காலத்துக் கண்ணாடிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெள்ளீயம் இருக்கும். இதனால் உலோகம் வெள்ளியைப் போன்ற வெண்ணிறம் பெறும். நன்றாகத் தேய்த்தால் முகம் தெளிவாகத் தெரியும். ஆனால், அதே வெள்ளீயம் உலோகத்தை நொறுங்கக்கூடியதாகவும் ஆக்கிவிடும். கீழே விழுந்தால் வளையாது, உடைந்துவிடும்.

கைவினைஞர்கள் களிமண் அச்சில் உருக்கிய உலோகத்தை ஊற்றினர். அச்சின் ஒரு பாதியில் பின்புறத்துக்குரிய வேலைப்பாடு இருக்கும். மற்றொரு பாதி வெறுமையாக இருக்கும். வார்த்தெடுத்த பிறகு முன்புறத்தைத் தேய்த்து மெருகேற்றுவர். நடுவில் உள்ள குமிழின் துளையில் பட்டுக் கயிற்றைக் கோப்பர். அக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகம் பார்க்கலாம்.

இவ்வேலையில் அறிவியல் நுட்பமும் இருந்தது. 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷென் குவோ என்னும் சீன அறிஞர் அதைக் கவனித்து எழுதியிருக்கிறார். சிறிய கண்ணாடிகளின் முன்புறத்தைக் கைவினைஞர்கள் சற்றே குவிந்ததாக அமைத்தனர். குவிந்த பரப்பு உருவத்தைச் சிறிதாக்கிக் காட்டும். எனவே, உள்ளங்கை அளவுள்ள கண்ணாடியிலும் முழு முகத்தைப் பார்க்க முடிந்தது. சில கண்ணாடிகள் இன்னும் வியப்பானவை. அவற்றின் முன்புறத்தில் சூரிய ஒளி பட்டுச் சுவரில் எதிரொளித்தால், பின்புறத்தில் உள்ள வேலைப்பாடு அந்த ஒளிவட்டத்தில் தோன்றும்! கண்ணாடியைத் தேய்க்கும்போது, தடிமனான பகுதிகளும் மெல்லிய பகுதிகளும் ஒரே அளவில் வளைவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த மேடுபள்ளங்களே ஒளியைக் கூட்டியும் குறைத்தும் சுவரில் வடிவத்தைத் தீட்டுகின்றன. ஹான் காலத்தைச் சேர்ந்த இத்தகைய கண்ணாடி ஷங்ஹாய் அரும்பொருளகத்தில் உள்ளது.

சீனாவின் மிகப் பழைய கண்ணாடிகள் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஷாங் அரசமரபைச் சேர்ந்த ஃபூ ஹாவ் என்னும் அரசியின் கல்லறை 1976ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டபோது நான்கு கண்ணாடிகள் கிடைத்தன. ஹான் காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) கண்ணாடி பலரும் பயன்படுத்தும் பொருளாயிற்று. அக்காலக் கண்ணாடிகள் சிலவற்றின் பின்புறம் ஓர் உலகப் படம் போன்றது. வட்டம் வானத்தையும் நடுவில் உள்ள சதுரம் நிலத்தையும் குறிக்கும். கிழக்கில் பச்சை டிராகன், மேற்கில் வெண்புலி, தெற்கில் செம்பறவை, வடக்கில் கரிய ஆமை எனத் திசைக்கு ஒன்றாக நான்கு விலங்குகள் காவல் நிற்கும். நீண்ட ஆயுளையும் உயர்ந்த பதவியையும் வேண்டும் வாசகங்களும், பிரிந்தாலும் மறவாதிருக்க வேண்டும் என்னும் அன்பு மொழிகளும் விளிம்பை ஒட்டிப் பொறிக்கப்பட்டிருக்கும். தாங் காலத்தில் (618 – 907) மலரிதழ் போன்ற விளிம்புகளும், திராட்சைக் கொடிகளுக்கிடையே விளையாடும் விலங்குகளும் இடம்பெற்றன. முகம் பார்க்கும் பொருளிலேயே ஒரு காலத்தின் நம்பிக்கையும் ஆசையும் அழகுணர்வும் அடங்கிவிட்டன.

இப்பழம்பொருள்களைச் சேகரிக்கும் பழக்கமும் பழமையானதே. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சோங் பேரரசர் ஹுய்சோங் தம் அரண்மனையில் இருந்த பழைய வெண்கலப் பொருள்களைப் படங்களுடன் பட்டியலிடச் செய்தார். அப்பட்டியலில் கண்ணாடிகளும் இடம்பெற்றன. 18ஆம் நூற்றாண்டில், ச்சிங் பேரரசர் சியன்லோங்கும் அவ்வாறே செய்தார். அண்மைக் காலத்தில், அமெரிக்கத் தொழிலதிபர் லாய்ட் காட்சன் பல பத்தாண்டுகளாகச் சீனக் கண்ணாடிகளைச் சேகரித்தார். ஆய்வாளர்களைக் கொண்டு அவற்றைப் பற்றிய நூலை வெளியிட்டார். பிறகு, 2012ஆம் ஆண்டில் ஏறத்தாழ 90 கண்ணாடிகளை ஷங்ஹாய் அரும்பொருளகத்துக்கு அன்பளிப்பாக வழங்கினார்.

சேகரிப்பவர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் போலிகள் ஆகும். போலிகள் எல்லாம் இன்று செய்யப்பட்டவை அல்ல. சோங் காலத்துப் பட்டறைகளிலேயே ஹான், தாங் காலக் கண்ணாடிகளைப் பார்த்து அவற்றைப் போலவே புதியன செய்தனர். பழமையின் மீது கொண்ட மதிப்பே அதற்குக் காரணம். இன்றைய போலிகளோ ஏமாற்றி விற்பதற்காகவே செய்யப்படுகின்றன. உண்மையான கண்ணாடியில் அச்செடுத்துப் புதியதை வார்த்தால், உலோகம் குளிரும்போது சுருங்கும். ஆகவே, நகல் அசலைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். கோடுகளின் கூர்மையும் மழுங்கியிருக்கும். பழைய கண்ணாடியில் பச்சைப் படிவு உலோகத்திற்குள்ளிருந்தே வளர்ந்திருக்கும். போலியில் அது பூசப்பட்டிருப்பதால் எளிதில் உரிந்துவிடும். ஐயம் தீராதபோது, அரும்பொருளகங்கள் ஊடுகதிர்க் கருவிகளால் உலோகக் கலவையையும் உள்ளமைப்பையும் சோதிக்கின்றன.

பழைய கண்ணாடியைப் பளபளப்பாக்க முயல்வதும் தவறு. பல நூற்றாண்டுகளாகப் படிந்த படலம் அதற்குப் போர்வை போன்றது. அதன் வயதுக்குச் சான்றும் அதுவே. தேய்த்துக் கழுவினால் இரண்டும் போய்விடும். ஈரமான இடத்தில் வைத்தால், உலோகத்தில் உள்ள உப்பு வெளிர்பச்சைத் தூளாக வெளிப்பட்டுக் கண்ணாடியை அரிக்கத் தொடங்கும். எனவே, ஈரப்பதம் குறைந்த இடத்தில் வைத்து, கையுறை அணிந்து கையாள வேண்டும்.

போலியைவிடக் கடினமான சிக்கல் ஒன்றும் உண்டு. கண்ணாடி உண்மையானதுதான், ஆனால், அது எங்கிருந்து வந்தது? சீனாவின் பழங்காலக் கண்ணாடிகளுள் பெரும்பாலானவை கல்லறைகளில் இறந்தோருடன் வைக்கப்பட்டவை. அவற்றை விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கும்வரை, இரவோடு இரவாகக் கல்லறைகளைத் தோண்டும் திருடர்களும் இருப்பார்கள். திருடர்களுக்கு விலைபோகும் பொருள் மட்டுமே கண்ணில் படும். மட்கிய மரம், உடைந்த மண்பாண்டம், அழிந்துபோன எழுத்து ஆகியவற்றை அவர்கள் மிதித்துச் சிதைத்துவிடுவர்.

இதனால் ஏற்படக்கூடிய இழப்பை ஓர் உண்மை நிகழ்வு உணர்த்துகிறது. 2011ஆம் ஆண்டில், சீனாவின் ஜியாங்ஷி மாநிலத்தில் உள்ள நான்சாங் நகருக்கு அருகே, ஒரு மேட்டில் திருடர்கள் குழி தோண்டியிருப்பதைக் கிராம மக்கள் கண்டனர். உடனே அதிகாரிகளுக்குத் தெரிவித்தனர். அகழாய்வில், அது லியூ ஹெ என்பவரின் கல்லறை எனத் தெரியவந்தது. அவர் கி.மு. 74ஆம் ஆண்டில் 27 நாள்கள் மட்டுமே பேரரசராக இருந்து, பதவி பறிக்கப்பட்டவர். கல்லறையில் செவ்வக வடிவிலான பெரிய வெண்கலக் கண்ணாடி ஒன்றும், அரக்குப் பூசிய மரச்சட்டத்தின் சிதைந்த பகுதிகளும் கிடைத்தன. சட்டத்தில் கன்ஃபூசியஸின் உருவமும் அவரையும் அவருடைய மாணவர்களையும் பற்றிய எழுத்துகளும் இருந்தன. தொடக்கத்தில் ஆய்வாளர்கள் அச்சட்டத்தை ஒரு தடுப்புத் திரை என்றே எண்ணினர். அதில் இருந்த எழுத்துகளைப் படித்த பிறகுதான், அது ஆடை திருத்திக்கொள்ளும் கண்ணாடியின் சட்டம் எனப் புரிந்தது. கன்ஃபூசியஸைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களுள் ஒன்று இவ்வாறு கிடைத்தது. திருடர்கள் முந்தியிருந்தால், வெண்கலத் தகடு மட்டும் சந்தைக்கு வந்திருக்கும். மட்கிய மரமும் அதில் இருந்த செய்தியும் மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

ஒரு கண்ணாடி இருந்த இடமும் பேசும். பண்டைய சீனக் கண்ணாடிகளை ஜப்பானியத் தலைவர்களும் பெரிதும் போற்றினர். ஜப்பானின் நாரா வட்டாரத்தில் உள்ள குரோசுக்கா கல்லறை மேட்டை 1990களின் இறுதியில் ஆய்வாளர்கள் அகழ்ந்தனர். அங்கு 34 கண்ணாடிகள் இருந்தன. அவற்றுள் 33 ஒரே வகையைச் சேர்ந்தவை. அவை சவப்பெட்டிக்கு வெளியே வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. வேறு வகையைச் சேர்ந்த ஒன்று மட்டும் பெட்டிக்குள், தலைமாட்டில் இருந்தது. அந்த ஒன்றுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்னும் கேள்வி இதனால்தான் எழுந்தது. 34 கண்ணாடிகளும் கடைகளில் தனித்தனியாக விற்கப்பட்டிருந்தால், அக்கேள்வியே பிறந்திருக்காது.

சிங்கப்பூரில் உள்ள கப்பல் சரக்கும் இத்தகைய விவாதத்திலிருந்து தப்பவில்லை. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கப்பல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே மூழ்கியது; 1998ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கான பீங்கான் கலங்களுடன் இருபதுக்கும் மேற்பட்ட கண்ணாடிகளும் அதில் இருந்தன. ஒரு கண்ணாடியில் 758ஆம் ஆண்டைக் குறிக்கும் தேதி உள்ளது. மற்றொன்று ஹான் காலத்தது; கப்பல் மூழ்கியபோதே அது குறைந்தது 600 ஆண்டுகள் பழமையானது. சரக்கை மேலே எடுத்தது ஒரு வணிக நிறுவனம். தொல்லியல் முறைகள் முழுமையாகப் பின்பற்றப்படவில்லை என்று ஆய்வாளர்கள் பலர் குறை கூறினர். அதனால், 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தான் திட்டமிட்டிருந்த கண்காட்சியைத் தள்ளிவைத்தது. விரைந்து எடுக்காமல் இருந்திருந்தால் திருடர்கள் அள்ளிச் சென்றிருப்பார்கள் என்பது மறுதரப்பினரின் வாதம். சரக்கின் பெரும்பகுதி சிதறாமல் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததால், அதனை இன்றும் ஒருசேர ஆராய முடிகிறது. இரு தரப்பினரின் கூற்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆகவே, பொறுப்புள்ள சேகரிப்பாளர், "இதன் விலை என்ன?" என்று கேட்பதற்கு முன், "இது யாரிடம் இருந்தது? எப்போது, எவ்வழியாக நாட்டைவிட்டு வெளியே வந்தது?" என்று கேட்பார். சான்று இல்லையென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கமாட்டார். பண்பாட்டுப் பொருள்களைச் சட்டத்திற்குப் புறம்பாகக் கடத்துவதைத் தடுக்க 1970ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஓர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. பல அரும்பொருளகங்கள் அந்த ஆண்டையே எல்லையாகக் கொண்டு, அதன் பிறகு வெளிவந்த பொருளுக்குத் தக்க சான்று கேட்கின்றன. தம்மிடம் உள்ளவற்றைப் பதிவு செய்வதும், ஆய்வாளர்கள் பார்க்க இடமளிப்பதும் நல்ல சேகரிப்பாளரின் கடமைகளாகும்.

தாங் பேரரசர் தைசோங் மூன்று கண்ணாடிகளைப் போற்றியதாக வரலாறு கூறுகிறது. வெண்கலக் கண்ணாடி ஆடையைத் திருத்திக்கொள்ள உதவும். வரலாறு என்னும் கண்ணாடி நாடுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் காட்டும். நல்ல மனிதர் என்னும் கண்ணாடி நம் குறைகளைக் காட்டும் என்பது அவர் கருத்து. தம் தவறுகளை அஞ்சாமல் எடுத்துரைத்த அமைச்சர் வெய் செங் 643ஆம் ஆண்டில் இறந்தபோது, தம் கண்ணாடிகளுள் ஒன்றை இழந்துவிட்டதாகப் பேரரசர் வருந்தினார்.

பழைய வெண்கலக் கண்ணாடிகள் பலவற்றில் இன்று எவருடைய முகமும் தெரிவதில்லை. ஆயினும், கிடைத்த இடமும் வந்த வழியும் அறியப்பட்ட கண்ணாடி, தன் காலத்து மக்களை நமக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது. அவ்விரண்டையும் இழந்த கண்ணாடியோ வெறும் அழகிய தகடாகவே நின்றுவிடுகிறது.