30 லட்சம் சேமிப்பு, மாசம் 20,500 ரூபாய்... ரிட்டயர் ஆனதும் ஊர் ஊரா சுத்த முடியுமா?

“ரிட்டயர் ஆனதும் வீட்டைப் பூட்டிட்டு ஊர் ஊரா கிளம்பிடணும்!” நம்ம வீட்டில் அப்பாவோ அம்மாவோ இதை ஒரு முறையாவது சொல்லியிருப்பாங்க. நாமும் சிரித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்திருப்போம். உண்மையிலேயே இது நடக்கிற காரியமா? எவ்வளவு பணம் வேணும்? எங்கே இடிக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒத்திகைக்குச் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பழவேற்காடு வரைக்கும் போய்விட்டும் வருவோம்.

செஞ்சு காட்டியவர்கள்

மைசூரைச் சேர்ந்த கிருஷ்ணகுமார், வேலையை விட்டுவிட்டு 2018 ஜனவரியில் தன் அம்மா சூடாரத்னாவுடன் கிளம்பினார். வண்டி, அவர் அப்பா வாங்கிக் கொடுத்த பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர். கூட்டுக் குடும்பத்தின் சமையலறையிலேயே காலம் கழித்த அம்மா, பக்கத்தில் இருக்கும் பேலூர், ஹளேபீடு கோயில்களைக்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னதுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். மடம், ஆசிரமம், கோயில் விடுதி என்று தங்கி, நேபாளம், பூட்டான் வரை போனார்கள். செலவுக்கு மகனின் சேமிப்பு. கரோனா காலத்தில் மைசூருக்குத் திரும்பினார்கள். பிறகு மறுபடி கிளம்பினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. தங்கும் செலவைக் குறைத்ததால்தான் பயணம் வருடக்கணக்கில் நீண்டது. நெருக்கடி வந்தபோது திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது.

மாச வருமானம் எங்கிருந்து வரும்?

பி.எஃப். பென்ஷனை மட்டும் நம்ப முடியாது. அதன் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாசம் 1,000 ரூபாய்தான். அதனால் ரிட்டயர் ஆகும்போது கைக்கு வரும் மொத்தப் பணம்தான் அடிப்படை.

60 வயது முடிந்தவர்கள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் 30 லட்சத்துக்கு வருஷம் 2,46,000 ரூபாய். மூன்று மாசத்துக்கு ஒரு முறை 61,500 வரும். மாசத்துக்குப் பிரித்தால் 20,500. அரசு வட்டி விகிதத்தை அவ்வப்போது மாற்றலாம். ஆனால் நீங்கள் பணம் போட்ட நாளின் விகிதமே 5 வருஷத்துக்கும் தொடரும்.

இரண்டு பேருக்கு 20,500 போதுமா?

லாட்ஜில் நாளுக்கு 800 ரூபாய் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்கு 24,000. சாப்பிடுவதற்கு முன்னாடியே கணக்கு முடிந்துவிட்டது!

அதே ஊரில் ஒரு மாசம் தங்கி, 7,000 ரூபாய்க்குச் சின்ன வீடோ அறையோ பிடித்தால் கதை மாறுகிறது. சாப்பாட்டுக்கு 7,000, போக்குவரத்துக்கு 2,500, மருந்து மாத்திரைக்கு 2,000, போனுக்கு 500 என்று ஒதுக்கினாலும் 1,500 மிஞ்சும். ஒரு அடுப்பும் ரெண்டு பாத்திரமும் இருந்தால் சாப்பாட்டுச் செலவு இன்னும் குறையும். ஆக, வருஷத்துக்கு 50 ஊர் பார்க்க இந்தப் பணம் பத்தாது. 10, 12 ஊரில் வாழ்ந்து பார்க்கப் போதும்.

முதல் ஒத்திகை: பழவேற்காடு

வீட்டைப் பூட்டுவதற்கு முன் பக்கத்திலேயே ஒரு வாரம் இருந்து பாருங்கள். சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தால் பழவேற்காடு. சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் அம்மாவுக்கு டிக்கெட்டே இல்லை.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கோட்டை கட்டினார்கள். அவர்களின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்றும் இருக்கிறது. இதையெல்லாம் பார்க்கப் பெரிய செலவு கிடையாது.

ஆனால் ஒத்திகையே வசதி இல்லாததைக் கண்டுபிடிக்கத்தான். தங்கும் இடங்கள் குறைவு என்பதால் பொன்னேரியில் தங்கி, தினமும் போய்வருவது நல்லது. வெயிலில் அப்பாவால் எவ்வளவு நடக்க முடிகிறது? ராத்திரி திடீரென உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர தூரத்தில் கிடைத்துவிடுவது நல்லதுதானே.

ஒரு எச்சரிக்கை: ‘ஒரு ரவுண்டு போலாம்’ என்று படகைத் தேடாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு, சுற்றுலாப் படகுச் சவாரிக்கு இங்கே தடை போடப்பட்டது.

ரிட்டயர்மென்ட் இல்லாத ஊர்

இந்த ஏரிக்கரைக் கிராமங்களில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்தக் குடும்பம், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. இருக்கிற மீன் எல்லோருக்கும் கிடைக்க மீனவர்களே செய்துகொண்ட ஏற்பாடு. இன்னொரு பக்கம், இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள்.

இவர்களுக்கு 58 வயதில் மாலை போட்டு வழியனுப்பும் விழா கிடையாது. பி.எஃப்., கிராஜுவிட்டி கிடையாது. தகுதி இருப்பவர்களுக்குத் தமிழக அரசின் முதியோர் ஓய்வூதியமாக மாசம் 1,200 ரூபாய். உடம்பு ஒத்துழைக்கும் வரை வேலை. நாம் ‘சிக்கனம்’ என்று சொல்லும் 20,500, அந்த ஓய்வூதியத்தைப்போல 17 மடங்கு. போகிற ஊரில் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுவதற்கு முன் இது ஞாபகம் வரட்டும்.

எங்கே இடிக்கும்?

விலைவாசி: வட்டி 5 வருஷத்துக்கு ஏறாது, செலவு ஏறும். விலைவாசி வருஷம் 6 சதவீதம் உயர்ந்தால், 5 வருஷம் கழித்து 20,500 ரூபாயின் மதிப்பு இன்றைய 15,300தான். சொந்த வீடு இருந்தால் விற்காதீர்கள். ஒரு போர்ஷனை வாடகைக்கு விட்டு, ஒரு அறையை உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை கூடும், திரும்பி வர இடமும் இருக்கும்.

மருத்துவம்: 70 வயது முடிந்தவர்களுக்கு, வருமான வரம்பு இல்லாமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. 2024 அக்டோபரில் தொடங்கியது. 60 முதல் 70 வரை சொந்தக் காப்பீடுதான் கைகொடுக்கும். அதன் பிரீமியத்தை மேலே சொன்ன 1,500 தாங்காது. தனியாக ஒதுக்க வேண்டும்.

ரயில்: மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கீழ் பெர்த் ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது முடிந்திருக்க வேண்டும்.

பென்ஷன் சான்று: வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழுக்காக ஊர் திரும்ப வேண்டாம். ‘ஜீவன் பிரமாண்’ வசதியில் முகத்தைக் காட்டி போனிலேயே முடிக்கலாம். இதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

உங்கள் பங்கு என்ன?

பணம் சேரட்டும் என்று தள்ளிப்போட்டால் பணம் சேரலாம், முழங்கால் காத்திருக்காது. 62 வயதில் ஏறும் மலைப்படியை 72 வயதில் ஏற முடியுமா என்பதுதான் நிஜமான கேள்வி. காப்பீட்டு பிரீமியத்தை நீங்கள் கட்டுங்கள். சேமிப்புத் திட்டத்துக்கான படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில் பொன்னேரிக்கு மூன்று டிக்கெட் எடுங்கள்.